அரைப்பேரும் முழுப்பேரும்

கொழும்பிலே வர்த்தமானியில் அச்சாகும் ஒரு வரி, இறக்குவானை மலைச்சரிவிலோ தெரணியகலைப் பள்ளத்தாக்கிலோ உள்ள ஒரு லயத்தின் வாசலை வந்தடையும்போது என்ன உருவம் கொள்கின்றது? அரசினர் செய்யும் சீர்திருத்தங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் தொகையைப் பேசுகின்றோம். சட்டத்தின் இலக்கத்தைப் பேசுகின்றோம். கொண்டு வந்தவர் இன்னார் என்று பேசுகின்றோம். போய்ச் சேரவேண்டிய கையிலே அது எவ்வளவு மிஞ்சிற்று என்று பேசுவது குறைவு. இவ்வாரம் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களை முன்னிறுத்தி இக்கேள்வியைக் கேட்க விரும்புகின்றேன். அதற்கு அளவுகோலாக நான் எடுத்துக்கொள்ளும் சொல்லும் அத்தோட்டங்கள் தந்த சொல்லே.

அச்சொல் ‘பேர்’. தமிழ் வழங்கும் பிற இடங்களில் பேர் என்றால் ஒருவரை அழைக்கும் பெயர். சற்றே உயர்த்திச் சொன்னால் புகழ். தோட்டத்திலோ பேர் என்பது ஒரு நாள் உழைப்பு. காலையில் பிரட்டுக் களத்தில் நின்று, மலைக்குப் போய், கொழுந்து நிறுத்து முடிந்தபின் கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் அன்றைக்குரிய கட்டத்திலே அடையாளம் விழுந்தால் ‘பேர் விழுந்தது’ என்பர். நிறை குறைந்தால் அரைப்பேர். ‘இந்த மாதம் எத்தனை பேர்?’ என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால், எத்தனை நாட்கள் கூலிக்கு உரியனவாயின என்பது பொருள். மலையகத்து நாட்டார் பாடல்களில் அரைப்பேர் என்னும் சொல் இடம்பெற்றிருப்பது தற்செயலன்று. ஒரு முழு நாள் மலையேறி இறங்கியவளுக்கு அவளுடைய நாளிலே பாதிதான் எழுதப்படுகின்றது என்ற வேதனையை வேறெந்தச் சொல்லும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

நம் நாட்டில் தோட்டத் தொழிலாளரைத் தொட்ட சீர்திருத்தங்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை தாளில் முழுப்பேராகப் பிறந்து, லயத்துக்கு வரும்போது அரைப்பேராகிவிடுகின்றன என்பதே நான் சொல்ல வந்தது.

முதலிலே கூலியை எடுத்துக்கொள்வோம். 1927 ஆம் ஆண்டிலேயே இந்தியத் தொழிலாளரின் குறைந்தபட்சச் சம்பளத்துக்கெனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1941 இல் சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்னும் நீதி கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று; அதுவும் வேலைநிறுத்தத்தின் பயனாகவே கிடைத்தது. அண்மைக் காலத்துப் பெரிய மாற்றம் 2021 மார்ச்சில் வந்தது. அடிப்படைச் சம்பளம் 900 ரூபா, வரவு செலவுத் திட்டப் படி 100 ரூபா, ஆக 1,000 ரூபா என்று வர்த்தமானி அறிவித்தது. பல ஆண்டுப் போராட்டத்தின் கனியென்று அதனை வரவேற்றோம், வரவேற்றதில் தவறில்லை.

ஆனால் வர்த்தமானி ஒரு நாளின் விலையைத்தான் சொல்லிற்று. எது ஒரு நாள் என்று சொல்லவில்லை. அதுவரை கம்பனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே இருந்த கூட்டு ஒப்பந்தம் அவ்வாண்டோடு செயலிழந்தது. பல தோட்டங்களில் 16 கிலோ, 18 கிலோ என்றிருந்த கொழுந்தின் அளவு 20 கிலோவாகவும் அதற்கு மேலாகவும் ஏற்றப்பட்டது என்று தொழிலாளர் முறையிட்டனர். அளவு நிறையாதவருக்கு அரைப்பேர்; சில இடங்களில் பறித்த கிலோவுக்கு மட்டும் காசு. வேலை நாட்களும் குறைந்தன என்றனர். ஆயிரம் என்ற எண் மாறாமல் அப்படியே இருந்தது, நாள்தான் நீண்டது.

சப்பிரகமுவையில் இதற்கு இன்னுமொரு முகம் உண்டு. நுவரெலியாவை மனத்திற்கொண்டு தோட்டத்தை நினைப்பவர்கள், கேகாலையிலும் இரத்தினபுரியிலும் இறப்பர் மரங்களினூடே வாழும் தொழிலாளியை மறந்துவிடுகின்றனர். எட்டியாந்தோட்டைப் பக்கத்திலே விடிவதற்கு முன் கத்தியும் வாளியுமாகப் புறப்பட்டு, மரத்துக்கு மரம் சென்று பட்டையைச் சீவி, சிரட்டையில் வடியும் பாலைச் சேர்ப்பவனுக்கு மழைதான் எசமானன். வெட்டிய பின் மழை பெய்தால் பால் கரைந்தோடும். விடியுமுன் பெய்தால் வெட்டே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து மோதும் மலைகள் இவை. இலங்கையில் மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் இதுவும் ஒன்று என்று பூகோள பாடத்திலே நம் மாணவர் எழுதுகின்றனர். அந்த மழை பால் வெட்டுவோன் வீட்டில் எத்தனை பேரை அழித்துவிடுகின்றதென்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. நாட்கூலியை உயர்த்தும் வர்த்தமானி, நாளே விழாத மாதத்துக்கு என்ன விடை வைத்திருக்கின்றது?

அதன் பின்னர் நடந்தவற்றையும் வாசகர் அறிவர். 2022 இல் நாடு பொருளாதாரத்தில் வீழ்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலையேற்றம் 90 சதவீதத்தையும் தாண்டிற்று. கோதுமை மாவு ரொட்டியையே நம்பியிருக்கும் வீடுகளில் முந்திய ஆண்டின் ஆயிரம் ரூபா உலையிலிட்ட உப்பாயிற்று. 2024 ஏப்ரில் இறுதியில் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது; கம்பனிகள் நீதிமன்றம் சென்றன; ஈற்றில் அவ்வாண்டு செப்டெம்பரில் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளமாயிற்று. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், 2026 சனவரி முதல் 1,550 ரூபாவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கத்தின் வரவு ஊக்கத்தொகையாக 200 ரூபாவும் சேர்த்து 1,750 ரூபா என்று அறிவித்தது. தொழிலாளியின் கூலியில் ஒரு பங்கை அரசே ஏற்க முன்வந்தது புதுமை. அதனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனினும் அந்த 200 ரூபாவும் பேர் விழுந்த நாளுக்கே உரியது. காய்ச்சலில் கிடந்த நாளும், மழையில் வேலை நின்ற நாளும் இரண்டு விதமாகத் தேய்கின்றன: கூலியும் இல்லை, ஊக்கத்தொகையும் இல்லை.

தொழிலாளரைக் குறித்துச் செய்யாத சீர்திருத்தமும் செக்ரோலைத் தேடி வந்து தொடும். 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி தடுக்கப்பட்டது. நஞ்சில்லா விவசாயம் என்பது அதன் நோக்கம். நோக்கத்தைப் பழிக்க வேண்டுவதில்லை. ஆனால் உரமின்றித் தேயிலைச்செடி ஒரு பருவத்திலே தன்னை மாற்றிக்கொள்ளாது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைச்சல் 2022 இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக இறங்கிற்று. இவ்வீழ்ச்சியைப் பத்திரிகைகள் அந்நியச் செலாவணியின் கணக்கிலே எழுதின. மலையிலே அதன் கணக்கு வேறு. செடியில் கொழுந்து இல்லை. நிறுவையில் கிலோ இல்லை. ஆனால் பேருக்குரிய அளவு மட்டும் இறங்கவில்லை. உரம் பற்றிய ஆணையிலே அவள் பெயர் இல்லை. அதன் பயனாக அவள் பேர் பாதியாயிற்று.

இரத்தினபுரி மாவட்டத்தில் சிறு தேயிலைக் காணிகள் மிகுதி. தோட்டத்தில் பேர் குறைந்தவர்கள் கிராமத்தார் காணிகளில் கிலோவுக்குக் கூலி வாங்கிக் கொழுந்தெடுக்கப் போகின்றனர். சிங்களக் கிராமத்துக்கும் தமிழ்த் தோட்டத்துக்கும் இடையே இதனால் ஒரு புதிய உறவு பிறந்திருக்கின்றது, அது நல்லதே. சில கம்பனிகளோ ஒரு துண்டு மலையைத் தொழிலாளியிடம் கொடுத்துப் பராமரிக்கச் செய்து, கொழுந்துக்கு மட்டும் விலை தரும் முறையைக் கொண்டு வந்துள்ளன. வருமானம் கூடுகின்றதென்பர் சிலர். கூடட்டும். ஆனால் அம்முறையிலே செக்ரோலில் பேர் விழுவதில்லை. பேர் இல்லாத நாளுக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டா, பிரசவச் சகாயம் உண்டா, ஈற்றிலே சேவைக்காலப் பணம் உண்டா என்பதற்குத் தெளிவான விடை சட்டத்திலே எழுதப்பட வேண்டும். கூலி முறையை ஒழிப்பது சீர்திருத்தம். கூலியோடு சேர்ந்திருந்த பாதுகாப்பையும் ஒழிப்பது சீர்திருத்தமாகாது.

இதுவரை சொன்னது செக்ரோலில் எழுதும் பேர். இனி நாட்டின் ஏட்டில் எழுதும் பெயரைப் பார்ப்போம்.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களின் பெயரை நாட்டின் ஏட்டிலிருந்து எடுத்தது. 1949 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. 1964 அக்டோபர் 30 இல் ஒப்பமிடப்பட்ட சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னொரு நாளுக்கு ஒத்தி வைத்தது. ஆட்களைத் தலையெண்ணிப் பங்கிட்ட அவ்வேளையிலே, எந்த வீட்டில் அண்ணன் போனான், எந்த வீட்டில் தங்கை நின்றாள் என்பதை இரு தலைநகரங்களும் கேட்கவில்லை. ஒத்தி வைத்த பங்கினை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தனர். 1988 ஆம் ஆண்டின் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் சட்டமுமே நாடற்றோர் என்ற இழிவை நீக்கின. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு பெயரை ஏட்டிலிருந்து எடுக்க ஓராண்டு போதியதாயிருந்தது. திரும்ப எழுத இரண்டு தலைமுறை வேண்டியிருந்தது.

அந்த இடைக்காலத்தில் வந்த சீர்திருத்தங்கள் பெயரில்லாதவர்மீது எப்படி விழுந்தன என்பதற்குக் காணிச் சீர்திருத்தமே சான்று. 1972 ஆம் ஆண்டின் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் என உச்சவரம்பு வைத்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. அந்நியர் கையிலிருந்த மண் நாட்டுக்குத் திரும்பியது நீதியே. ஆனால் அந்த மண்ணிலே நூறாண்டு உழைத்தவன் குடியுரிமை இல்லாதவனாகையால், பங்கீட்டில் அவனுக்குப் பங்கில்லை. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிலே இம்மாவட்டங்களின் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களுக்கும் இந்தியாவுக்கும் பெயர்ந்தன. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. வெள்ளைத்துரை, அரச துரை, கம்பனித் துரை என்று துரைகள் மாறினர். லயத்துக் காம்பரா எவர் பெயரிலும் இல்லாதிருப்பது மாறவில்லை.

உறுதி இல்லாத வீட்டின் துயரம் மழைக்காலத்திலே வெளிப்படும். 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கையிலும் புளத்கொஹுப்பிட்டியிலும் மலை சரிந்து வீடுகளை மூடியது. அபாயமான இடத்தைவிட்டு நீங்குக என்று அதிகாரிகள் எச்சரிப்பது கடமை. நீங்கி எங்கே போவது? கிராமத்தவனுக்கு இழந்த காணியைக் காட்ட ஓர் உறுதிப் பத்திரமாவது இருக்கும். லயத்தவன் இழந்தது அவனுடையதென்று எந்தத் தாளும் சொல்லாது. 7 பேர்ச்சு, 10 பேர்ச்சு என்று காணி தருவதாக வந்த திட்டங்களால் சில இடங்களில் வீடுகள் எழுந்தன என்பது உண்மை. எழுந்த வீட்டுக்கும் உறுதி கையில் வரும்போதுதான் அது முழுப்பேர்.

நிர்வாகத்திலே செய்த திருத்தமொன்றையும் இங்கு குறிப்பிட வேண்டும். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குச் சபைகள் சேவை செய்யத் தடையாக இருந்தது. வாக்குக் கேட்டு வந்த உறுப்பினர், வென்றபின் அத்தோட்டத்துப் பாதைக்குக் கல் போட முடியாதென்பது விந்தை அன்றோ! 2018 இல் அத்தடை நீங்கிற்று. இது சத்தமின்றி நடந்த நற்செயல். ஆனால் தடை நீங்குவது வேறு, நிதி ஒதுக்குவது வேறு. பாதை எந்த அளவுக்குச் செப்பமாயிற்று என்பதை அந்தந்தத் தோட்டத்து ஆசிரியரே நன்கறிவர்.

மொழியின் செய்தியும் இவ்வாறே. சப்பிரகமுவைத் தமிழருக்கு நுவரெலியாவின் பெருந்தொகை இல்லை. இரு மாவட்டங்களிலும் பத்தில் ஒருவர் என்ற அளவிலேயே தமிழர் இருக்கின்றனர். அவர்களும் பலாங்கொடை, பெல்மதுளை, காவத்தை, எட்டியாந்தோட்டை என்று சிதறி வாழ்கின்றனர். அரசியலமைப்போ, ஒரு பிரிவின் சனத்தொகையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் மொழிச் சிறுபான்மையோர் இருந்தால் அங்கே இரு மொழியிலும் நிர்வாகம் நடத்தப் பணிக்கலாம் என்கின்றது. சிதறி வாழ்வோருக்கு இந்த எட்டில் ஒன்று எட்டாக் கனியாகும் இடங்கள் உண்டு. தமிழிலே எழுதவும் தமிழிலே விடை பெறவும் எந்தப் பிரசைக்கும் உரிமை உண்டு என்று அதே அரசியலமைப்புச் சொல்கின்றது. உரிமை இருக்கின்றது; அதனை எழுதித் தரும் கை அலுவலகத்திலே இல்லை.

இக்குறையின் பயனை நம் பாடசாலைகளில் நாள்தோறும் காண்கின்றோம். தோட்டத்திலே பிறந்த குழந்தையின் பிறப்பை நெடுங்காலம் தோட்ட நிர்வாகமே பதிவாளருக்கு அறிவித்து வந்தது. பெற்றோர் தமிழிலே சொன்ன பெயர் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாறும்போது ஒவ்வொரு மேசையிலும் ஓரெழுத்தை இழக்கின்றது. அல்லது ஓரெழுத்தைப் பெறுகின்றது. தாய் அடையாள அட்டையில் ‘மாரியாயி’, செக்ரோலில் ‘மாரியாய்’, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ‘மாரியம்மா’. மூவரும் ஒருத்தியே என்று நிரூபிக்கச் சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்களிலே ஒரு நாட்கூலியை விட்டுவிட்டுப் பிரதேச செயலகத்துக்கு அவள் அலைகின்றாள். அதே மாறுபாடு அவள் ஓய்வு பெறும்போது சேமலாப நிதியின் வாசலிலும் வந்து நிற்கும். முப்பது ஆண்டு விழுந்த பேரெல்லாம் ஓரெழுத்துப் பிழையால் அவளுடையதல்லாமற் போகின்றது. செக்ரோலின் பேரும் ஏட்டின் பெயரும் இங்கேதான் ஒன்றோடொன்று முட்டுகின்றன.

சந்தையிலே விலை இல்லாதபோது கூலியை எங்ஙனம் உயர்த்துவது என்று கம்பனிகள் கேட்கின்றன. அக்கேள்வியைப் புறக்கணிக்க முடியாது. மூத்துப்போன செடியும் இளைத்த மண்ணும் எவர்க்கும் நிறைந்த விளைவைத் தரா. ஆனால் செடியைப் புதுப்பிக்காத ஆண்டுகளின் குற்றம் கொழுந்தெடுப்பவளின் தராசிலே நிறுக்கப்படுவது முறையா? விளைவு குறைந்த மலைக்கு அளவும் குறைய வேண்டும் என்பது கருணையன்று, கணக்கு.

ஆகவே ஆள்வோர்முன் நான் வைக்கும் வேண்டுகோள் மூன்று. நாட்கூலியை நிர்ணயிக்கும் வர்த்தமானியே, எவ்வளவு வேலை ஒரு நாள் என்பதையும் மாதத்தில் குறைந்தது எத்தனை நாள் வேலை என்பதையும் நிர்ணயிக்க வேண்டும்; மலையையும் பருவத்தையும் பார்த்து அவ்வளவை மாற்றும் சபையில் தொழிலாளரின் குரல் இருக்க வேண்டும். இரண்டாவது, எட்டில் ஒன்று என்னும் கணக்கைப் பிரதேசப் பிரிவு முழுவதற்கும் பாராது, கிராம உத்தியோகத்தர் பிரிவளவில் பார்த்து, தமிழர் செறிந்த இடத்துக்குத் தமிழ் அறிந்த அலுவலரை அனுப்ப வேண்டும். பெயர்ப் பிழைகளை நடமாடும் சேவை வழியே தோட்டத்துக்கே வந்து திருத்த வேண்டும். மூன்றாவது, வீடு கட்டும் திட்டம் எதுவும் உறுதிப் பத்திரத்தோடு முடிய வேண்டும். அப்பத்திரத்திலே கணவன் பெயரோடு மனைவியின் பெயரும் இருக்க வேண்டும். தோட்டத்தின் உழைப்பிலே பெரும்பங்கு அவளுடையதன்றோ!

ஆசிரிய அன்பர்களுக்கும் மாணவருக்கும் தனியே ஒரு சொல். 2024 ஆம் ஆண்டின் சனத்தொகைக் கணக்கெடுப்பில் ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரும் இடம்பெற்றது. ஒரு சமூகம் தன்னைத் தானே அழைக்கும் பெயர் அரசின் ஏட்டில் ஏறுவது சிறிய காரியமன்று. அதனிலும் முன்னதாக, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் முதன்முதல் அதன் சொந்த எழுத்திலே எழுதும் ஏடு உங்கள் கையில் இருக்கின்றது. அனுமதிப் பதிவேட்டிலே அப்பெயரைப் பிழையற எழுதுங்கள். ஆறாம் வகுப்பிலேயே பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள். பதினோராம் வகுப்பு வரை காத்திராதீர்கள். சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரிந்த மாணவன் தன் தாயின் சீட்டை வாசித்து, எத்தனை பேர் விழுந்தது, எத்தனை அரைப்பேர், எதற்காக என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பானாயின், அக்கொப்பியைவிடச் சிறந்த சமூகக் கல்விப் பாடம் இல்லை. நம் எழுத்தாளர்களும் லயத்தின் வறுமையைப் பாடுவதோடு நில்லாது, அதன் கணக்கையும் எழுதத் துணிய வேண்டும்.

சட்டங்கள் இனியும் வரும். தொகைகள் இனியும் உயரும். அவை வரும்போது கைதட்டுவதற்கு முன், செக்ரோலைத் திறந்து பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும். அங்கே அரைப்பேர் இருக்கும் வரை எந்தச் சீர்திருத்தமும் முடிந்ததாகாது.